சிறு நீராவி எஞ்சினின் திசையை மாற்றுவது: மூன்று விடைகளும் ஒரு பழைய தீர்ப்பும்

நீராவி எஞ்சினுக்கு இயல்பாக முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. கிராங்க் எந்த நிலையில் இருக்கும்போது பிஸ்டனின் எந்தப் பக்கம் நீராவி போகிறதோ, அதை வைத்தே சக்கரம் சுழலும் திசை அமைகிறது. எனவே திசையை மாற்ற வேண்டுமானால் வால்வின் நேரக்கணக்கை மாற்ற வேண்டும். அதற்கு எது நல்ல வழி என்ற கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெரிய நீராவி ரயில்கள் தண்டவாளத்தை விட்டுப் போன பிறகும், அவற்றின் சிறு மாதிரிகளை வீட்டுப் பட்டறையில் கடைந்து செய்கிறவர்களிடையே இந்த விவாதம் முடிந்தபாடில்லை.

அவர்கள் முன் இருக்கும் விடைகள் மூன்று. வால்வை அசைக்கும் மையம் விலகிய வட்டை, அதாவது எக்சென்ட்ரிக்கை, அச்சின் மேல் இறுக்காமல் அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக நழுவ விடுவது ஒன்று. ஸ்டீபன்சன், வால்ஷார்ட் போன்றோர் வழியில் லிங்க் அமைப்பு வைப்பது இரண்டாவது. எஞ்சினின் உள்ளுறுப்புகளைத் தொடாமல், நீராவி உள்ளே வரும் குழாயையும் வெளியே போகும் குழாயையும் ஒரு தனி வால்வால் இடம் மாற்றிவிடுவது மூன்றாவது. இந்த மூன்றாவதற்கு நல்ல பெயர் இருந்ததில்லை. பொம்மை எஞ்சினுக்குச் சரி, உருப்படியான எஞ்சினுக்கு ஆகாது என்பதே மாதிரிப் பொறியியல் உலகில் நெடுங்காலமாக நிலவும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பெரிய எஞ்சின்களின் கணக்கை அப்படியே சிறியவற்றின் தலையில் கட்டியதால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். திசைமாற்று வால்வில் குறை உண்டு. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் இடத்தில் அது இல்லை.

இரண்டு கேள்விகள் ஒன்றான கதை

1829-இல் ரெயின்ஹில் போட்டியில் வென்ற ராக்கெட் எஞ்சினில், எக்சென்ட்ரிக்குகள் அச்சின் மேல் பக்கவாட்டில் நகரும்படி அமைந்திருந்தன. ஓட்டுநர் ஒரு மிதியைக் காலால் அழுத்தி, முன்னோட்டத்துக்கான பிடியிலோ பின்னோட்டத்துக்கான பிடியிலோ அவற்றைக் கொண்டுபோய் மாட்டுவார். சரியாக மாட்டும்வரை வால்வுகளைக் கை நெம்புகோல்களால் தள்ளிக்கொடுக்க வேண்டும். அதன்பின் கவட்டைத் தண்டுகள் வந்தன. முன்னோட்டத்துக்கும் பின்னோட்டத்துக்கும் வெவ்வேறு எக்சென்ட்ரிக்குகள் இருக்கும். வேண்டியதன் கவட்டை வால்வுத் தண்டின் முளையில் போய் விழும். 1842-இல் நியூகாசிலில் இருந்த ராபர்ட் ஸ்டீபன்சன் ஆலையில் வில்லியம் வில்லியம்ஸ் முன்வைத்த ஒரு யோசனையை வில்லியம் ஹோ செப்பனிட்டார். இரண்டு எக்சென்ட்ரிக் தண்டுகளின் முனைகளையும் காடி வெட்டிய ஒரு வளைந்த பட்டையால் இணைத்துவிட்டார்கள். பட்டையை ஏற்றி இறக்கினால் திசை மாறியது. அதுதான் ஸ்டீபன்சன் லிங்க் என்று பெயர் பெற்றது.

அந்தப் பட்டையை முழுக்க ஏற்றாமலும் இறக்காமலும் இடையில் நிறுத்தினால் இன்னொன்றும் நடந்தது. வால்வின் ஓட்டம் குறைந்து, பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போதே நீராவி வரத்து நின்றது. மீதித் தூரத்தை உள்ளே அடைபட்ட நீராவி விரிந்து தள்ளியது. நிலக்கரியும் தண்ணீரும் மிச்சமாயின. திசை மாற்றத்துக்காகச் செய்த கருவி சிக்கனக் கருவியாகவும் ஆயிற்று. 1844-இல் பெல்ஜியத்தின் எகிட் வால்ஷார்ட் காப்புரிமை பெற்ற அமைப்பும், 1879-இல் டேவிட் ஜாய் கொண்டுவந்த அமைப்பும் இந்த இரட்டை வேலையைச் செய்யும் வகையிலேயே மதிப்பிடப்பட்டன. எஞ்சினை எப்படிப் பின்னோக்கி ஓட்டுவது, நீராவியை எப்படி விரியவிட்டு மிச்சப்படுத்துவது என்ற இரு தனிக் கேள்விகள் அன்று ஒன்றாகிவிட்டன. ஒருநாள் ஓட்டத்தில் டன் கணக்கில் கரி எரிக்கும் எஞ்சினுக்கு அது நியாயமானது. கட்டைவிரல் பருமன் சிலிண்டருக்கும் அது பொருந்துமா என்பதைத் தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நழுவும் எக்சென்ட்ரிக்

மூன்றில் மூத்தது இது. எக்சென்ட்ரிக் அச்சில் தளர்வாக உட்கார்ந்திருக்கும். அச்சோடு சேர்ந்த ஒரு வளையத்தின் முளை அதைத் தள்ளிக்கொண்டு சுற்றும். அச்சு எதிர்ப்புறம் சுழன்றால் முளை மறுபக்கத் தடையைப் போய்ப் பிடிக்கும்வரை எக்சென்ட்ரிக் நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு புதிய திசைக்கு உரிய நிலையில் அதுவும் சுழலத் தொடங்கும். எக்சென்ட்ரிக் கிராங்குக்கு 90 டிகிரியைத் தாண்டி 30 டிகிரி முன்னால் இருக்க வேண்டுமென்றால், இரு தடைகளுக்கும் இடையே 120 டிகிரி விட்டால் போதும். ஒரே ஒரு எக்சென்ட்ரிக், ஒரே ஒரு தண்டு. இரு திசையிலும் வால்வு பிசகாமல் ஒரே நேரக்கணக்கில் திறந்து மூடும்.

1898 முதல் பெர்சிவல் மார்ஷல் லண்டனில் நடத்திய 'மாடல் எஞ்சினியர்' இதழில் பிற்காலத்தில் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிப் புகழ்பெற்றவர், சின்ன அளவு ரயில் எஞ்சின்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைத்தார். உறுப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்ற அவருடைய பொதுவான நோக்கத்துக்கு இது ஒத்துப்போனது. குறை என்னவென்றால், எஞ்சின் தானாகத் திரும்பாது. கையால் சற்றுப் பின்னே தள்ளிவிட்டால்தான் தடை மாறும். தண்டவாளத்தில் ஓடும் சிறு எஞ்சினுக்கு இது பெரிய தொல்லையல்ல. குளத்தின் நடுவே நிற்கும் மாதிரிப் படகுக்கோ, சுமை தூக்கும் மாதிரி கிரேனுக்கோ இது உதவவே உதவாது.

தள்ளிவிட ஆளில்லாத இடத்தில் இந்த முறை என்ன பாடுபடுத்தும் என்பதற்குப் பெரிய ரயில்களின் வரலாற்றிலேயே சான்று உண்டு. லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேக்காக எஃப். டபிள்யூ. வெப் 1889 முதல் கட்டிய டியூடானிக் வகை எஞ்சின்களில், உயரழுத்தச் சிலிண்டர்கள் ஓர் அச்சையும் தாழ்வழுத்தச் சிலிண்டர் இன்னோர் அச்சையும் ஓட்டின. இரண்டு அச்சுகளையும் இணைதண்டு சேர்க்கவில்லை. தாழ்வழுத்தச் சிலிண்டருக்கு நழுவும் எக்சென்ட்ரிக். எஞ்சின் பின்னே வந்து பெட்டிகளோடு இணைந்த பிறகு, அந்த எக்சென்ட்ரிக் இன்னும் பின்னோட்ட நிலையிலேயே நிற்கும். ரயில் நகரும் முன் உயரழுத்தச் சிலிண்டர்கள் ஓட்டும் ஜோடிச் சக்கரம் வழுக்கிச் சுழன்றால், தாழ்வழுத்தச் சிலிண்டர் ஓட்டும் ஜோடி எதிர்ப்புறம் சுழலும். எஞ்சின் இருந்த இடத்திலேயே நிற்க, அதன் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றுவதை நடைமேடையில் நிற்பவர்கள் பார்க்க நேர்ந்தது.

லிங்க் அமைப்பும் ஆட்டமும்

லிங்க் அமைப்பைக் குறைசொல்ல எளிதில் மனம் வராது. பார்வைக்கு அழகு, வேலையில் நுட்பம், பெரிய எஞ்சினுக்கு உண்மையாக இருக்கும் நேர்மை எல்லாம் அதற்கு உண்டு. 5 அங்குலம், 7¼ அங்குலம் தண்டவாள அகலத்தில் ஆட்களை ஏற்றி இழுக்கும் மாதிரிகளுக்கு வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. ஸ்டூவர்ட் நிறுவனத்தின் 10வி என்ற நிலையெஞ்சின் முக்கால் அங்குலச் சிலிண்டரும் முக்கால் அங்குல ஓட்டமும் கொண்டது. அதற்கும் லிங்க் திசைமாற்றியைத் தனிப் பொருளாக விற்கிறார்கள். பலர் வாங்கிப் பொருத்தி நன்றாகவே ஓட்டுகிறார்கள்.

சிக்கல் அதற்கும் கீழே இறங்கும்போது தொடங்குகிறது. எஞ்சினைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கலாம். முளைக்கும் துளைக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியைப் பத்தில் ஒன்றாகச் சுருக்க முடியாது. சாதாரண லேத்தில் கவனமாகச் செய்தாலும், ஒரு மூட்டில் 0.05 மில்லிமீட்டர் ஆட்டம் சில மாத ஓட்டத்தில் வந்துவிடும். வால்ஷார்ட் அமைப்பில் எக்சென்ட்ரிக் தண்டின் முனையில் தொடங்கி வால்வுத் தண்டில் முடிவதற்குள் எட்டு மூட்டுகளாவது உண்டு. அவற்றின் ஆட்டம் முழுவதும் ஒரே பக்கம் கூடாது என்றே வைத்துக்கொள்வோம். பாதி கூடினாலும் 0.2 மில்லிமீட்டர். மெயின் லைன் எஞ்சின் ஒன்றில் வால்வு 150 மில்லிமீட்டர் ஓடுகிறது. அங்கே இதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். 10 மில்லிமீட்டர் சிலிண்டர் கொண்ட மாதிரியில் வால்வின் மொத்த ஓட்டமே 4 மில்லிமீட்டர்தான். பிஸ்டன் முனைக்கு வரும் முன்பே துளை திறக்க வேண்டிய அளவு அங்கே 0.1 மில்லிமீட்டர் போல இருக்கும். ஆட்டம் அதை இரண்டு மடங்காக விழுங்கிவிடுகிறது. காகிதத்தில் வரைந்த துல்லியமான நேரக்கணக்கு எஞ்சினில் இல்லை என்றால், அந்தத் துல்லியத்துக்காகச் சேர்த்த எட்டு மூட்டுகளும் எதற்கு என்று கேட்க இடமிருக்கிறது.

வழியையே மாற்றும் வால்வு

எக்சென்ட்ரிக்கைக் கிராங்குக்குச் சரியாக 90 டிகிரியில் இறுக்கி, வால்வின் விளிம்பு துளையின் விளிம்போடு கூடுதலும் குறைவுமின்றிப் பொருந்தும்படி செய்தால், அந்த எஞ்சினுக்கு உள்வழி, வெளிவழி என்ற வேறுபாடு இல்லை. எந்தக் குழாயில் நீராவி கொடுத்தாலும் ஓடும். குழாயை மாற்றினால் திரும்பும். இதைப் பொம்மைக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1860-களில் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் ஜான் மக்ஃபார்லேன் கிரே பொருத்திய சுக்கான் எஞ்சினும், அதன் வழியில் பின்னர் எண்ணற்ற கப்பல்களில் வந்த சுக்கான் எஞ்சின்களும் வழியை மாற்றும் வால்வையே நம்பின. கப்பலின் சுக்கானைத் திருப்பும் எஞ்சின் நிமிடத்துக்குப் பலமுறை திசை மாற வேண்டும், எந்த நிலையிலிருந்தும் உடனே கிளம்ப வேண்டும், கிளம்பியதும் முழு விசை தர வேண்டும். நீராவி மிச்சம் என்பது அங்கே கடைசிக் கவலை. மாதிரிப் படகில் ரேடியோ மூலம் எஞ்சினை இயக்குகிறவரின் தேவைகளும் ஏறத்தாழ இவையே. இந்த முன்னோடியை வைத்துப் பார்த்தால், பொம்மைக்கு உரியது என்ற வசை பொருந்தவில்லை.

ஆடும் சிலிண்டர் எஞ்சினில் இந்த முறை இன்னும் இயல்பாக அமைகிறது. அங்கே தனி வால்வே இல்லை. சிலிண்டர் ஊசலாடும்போது அதன் முகத்திலுள்ள துளை, சட்டத்திலுள்ள இரு துளைகளில் ஒன்றோடு மாறிமாறிச் சேர்கிறது. 12 மில்லிமீட்டர் ஓட்டம், ஆடும் மையத்துக்கும் கிராங்க் அச்சுக்கும் 30 மில்லிமீட்டர் தூரம் என்று கொண்டால், சிலிண்டர் இருபுறமும் சுமார் 11.5 டிகிரி சாய்கிறது. மையத்திலிருந்து 12 மில்லிமீட்டரில் உள்ள துளை அப்போது 2.4 மில்லிமீட்டர் நகரும். துளை 2.4 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நடுநிலையில் இரு வழிகளும் ஒன்றாகத் திறந்து நீராவி நேரே வெளியே ஓடும், 2.2 வைப்பது பாதுகாப்பு. இரு துளைகளும் சமச்சீர் என்பதால் வழியை மாற்றினால் எஞ்சின் எந்த இழப்புமின்றித் திரும்புகிறது. பர்மிங்காமில் தொடங்கிய மாமோட் நிறுவனத்தின் எஞ்சின்களில் ஒரே நெம்புகோல் திசையையும் வேகத்தையும் கவனித்துக்கொண்டது இதனால்தான். அண்மைக்காலத்தில் அக்குகிராஃப்ட் நிறுவனத்தின் ரூபி என்ற தோட்ட ரயில் எஞ்சின், பிஸ்டன் வால்வோடு இதே முறையைச் சேர்த்து விற்பனைக்கு வந்தது.

பிஸ்டன் வால்வு என்பது இங்கே முக்கியம். சாதாரணத் தட்டை வால்வுள்ள எஞ்சினில் குழாய்களை மாற்றிப் பார்த்து, இந்த முறையே பயனற்றது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. தட்டை வால்வை அதன் இருக்கையில் அழுத்திப் பிடிப்பது மேலிருந்து வரும் நீராவிதான். குழாயை மாற்றினால் நீராவி வால்வின் அடியில் வருகிறது. 6-க்கு 8 மில்லிமீட்டர் குழியுள்ள வால்வின் அடியில் 3 பார் அழுத்தம் வந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ விசை அதைத் தூக்கும். வால்வு எழும்பி, நீராவி எல்லாப் பக்கமும் பாயும். பிஸ்டன் வால்வில் நிகழாத, தட்டை வால்வுக்கே உரிய இந்த இயல்பை முறையின் குற்றமாக எண்ணக் கூடாது.

நீராவி விரயம் என்ற குற்றச்சாட்டு

இந்த முறைக்கு எதிரான முதன்மையான வாதத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. வால்வில் கூடுதல் விளிம்பு இல்லாததால் பிஸ்டன் ஓடும் தூரம் முழுவதும் நீராவி வந்துகொண்டே இருக்கிறது. விரிவு என்பதே இல்லை. கணக்கிட்டுப் பார்க்கலாம். கொதிகலனில் 3 பார் அழுத்தம் என்றால் காற்றழுத்தத்தோடு சேர்த்து 4 பார். முழு ஓட்டத்துக்கும் நீராவி விடுவதைவிட, நான்கில் மூன்று பங்கில் நிறுத்தினால் ஒரே அளவு நீராவிக்கு 27 சதவீதம் கூடுதல் வேலை கிடைக்கும். பாதியில் நிறுத்தினால் ஏறத்தாழ 59 சதவீதம். இது லட்சிய நிலைக் கணக்கு என்றாலும், புறக்கணிக்கக்கூடிய எண்கள் அல்ல.

ஆனால் அந்த லட்சிய நிலையில் சிலிண்டர் சுவர் நீராவியைக் குளிர்விப்பதில்லை. உண்மையில் குளிர்விக்கிறது, சிறு எஞ்சினில் மிகக் கடுமையாகக் குளிர்விக்கிறது. ஓட்டமும் விட்டமும் சமமான சிலிண்டரில் உட்பரப்புக்கும் கொள்ளளவுக்கும் உள்ள விகிதம், ஆறை விட்டத்தால் வகுத்தால் வரும். 480 மில்லிமீட்டர் சிலிண்டரோடு 12 மில்லிமீட்டர் சிலிண்டரை ஒப்பிட்டால், ஒவ்வொரு துளி நீராவிக்கும் நாற்பது மடங்கு பரப்பு காத்திருக்கிறது. உள்ளே வந்த நீராவியில் கணிசமான பங்கு தண்ணீராகிவிடுகிறது. நீராவியைச் சீக்கிரமே நிறுத்தினால் சுவர் இன்னும் குளிர்ந்து, அடுத்த சுற்றில் வரும் நீராவியை இன்னும் அதிகமாகத் தின்னும். விரிவின் ஆதாயம் காகிதத்தில் காட்டிய அளவுக்குக் கைக்கு வருவதில்லை என்று எதிர்பார்க்க இது போதிய காரணம். ஆதாயம் பூஜ்யம் என்று சொல்ல இது போதாது. அப்படிச் சொல்கிறவர்கள் எதிர்த் தரப்பைப் போலவே மிகைப்படுத்துகிறார்கள். அதிகச் சூடேற்றிய உலர் நீராவி கொடுத்தால் கணக்கு மீண்டும் விரிவின் பக்கம் சாயும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முழு ஓட்டத்துக்கும் நீராவி பெறும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், கிராங்குகள் 90 டிகிரியில் இருந்தால், எந்த நிலையிலிருந்தும் தானே கிளம்பும். மெதுவாகவும் சீராகவும் ஓடும். தோட்டத்தில் நடை வேகத்தில் ஓடும் ரயிலுக்கும் துறைமுகப் படகுக்கும் அந்தக் குணம் சில துளித் தண்ணீரைவிட மதிப்புள்ளது.

செய்முறையில் தெரியும் உண்மைக் குறை

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. லிங்க் அமைப்பின் வெற்றி மூட்டுகளில் இருக்கிறது என்றால், திசைமாற்று வால்வின் வெற்றி கசிவில் இருக்கிறது. கொதிகலனின் முழு அழுத்தமும் வெளிக்காற்றும் ஒரே உலோகத் துண்டுக்குள், சில மில்லிமீட்டர் இடைவெளியில், எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் பக்கம்பக்கமாக நிற்கின்றன. சிலிண்டர் வால்வின் கசிவு ஒவ்வொரு சுற்றிலும் விட்டுவிட்டு நிகழ்வது. திசைமாற்று வால்வின் கசிவுக்கு ஓய்வே இல்லை. நீராவி எஞ்சினைத் தொடாமல் நேரே புகைபோக்கிக்குப் போகிறது. இந்த முறையை வைத்துச் செய்த எஞ்சின் சோம்பலாக ஓடினால், விரிவு இல்லாததைக் காரணமாகச் சொல்வது வழக்கம். கசிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் மதிப்பீடு.

வட்டத்தட்டு வடிவம் இதைத் தடுக்க இயல்பாகவே உதவுகிறது. தட்டையான முகத்தில் மூன்று துளைகள்: நடுவில் வெளிவழி, இருபுறமும் எஞ்சினுக்குப் போகும் வழிகள். மேலே சுழலும் வட்டத்தட்டின் அடியில் பயறு வடிவக் குழி ஒன்று. குழி வெளிவழியை ஒரு பக்கத்தோடு சேர்க்கும். மறுபக்கம் மேலே நிறைந்திருக்கும் நீராவிக்குத் திறக்கும். நடுவில் நிறுத்தினால் இரண்டும் மூடி, எஞ்சின் நிற்கும். தனி ரெகுலேட்டர் தேவையில்லை. நீராவியே தட்டை அழுத்துவதால் தேய்மானம் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. 12 மில்லிமீட்டர் தட்டின் மேல் 3 பாரில் அந்த அழுத்தம் மூன்றரைக் கிலோவை மிஞ்சாது. எண்ணெய் இருந்தால் சிறிய சர்வோ மோட்டாரே இதைத் திருப்பிவிடும். கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய தேய்ப்புப் பசை தடவி, இரு முகங்களையும் தனித்தனியே எட்டு வடிவில் தேய்த்து, முகம் முழுவதும் ஒரே மங்கிய சாம்பல் நிறம் வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். ஓரத்தில் மட்டும் பளபளப்பு தெரிந்தால் ஓரம் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். பசையைத் துடைக்காமல் பொருத்தினால் வால்வு தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும்.

கூம்பு வடிவத் திருகுக் குழாய் முறை பழையது. நன்றாகச் செய்தால் நெடுநாள் உழைக்கும். லேத்தின் மேல் சறுக்கியை ஒரு கோணத்தில் வைத்து, கருவி எஃகுத் தண்டு ஒன்றைக் கூம்பாகக் கடைந்து, பாதியை அராவித் தள்ளிக் கடினப்படுத்தினால் அதுவே ரீமர். சறுக்கியை அசைக்காமல் அதே கோணத்தில் அடைப்பானையும் கடைந்துவிட்டால், துளையும் அடைப்பானும் ஒன்றோடொன்று உட்காரும். பித்தளைக்குள் பித்தளை வைப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. சூட்டில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கீறும். வெண்கல உடலுக்குத் துருப்பிடிக்கா எஃகு அடைப்பான் பொருந்தும். பி.டி.எஃப்.இ. பிளாஸ்டிக்கில் அடைப்பான் செய்து தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் விரிவாக்கத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். 3 பார் நீராவி 143 டிகிரிக்கு மேல். அறைச் சூட்டிலிருந்து 120 டிகிரி ஏறும்போது 8 மில்லிமீட்டர் பி.டி.எஃப்.இ. சுமார் 0.11 மில்லிமீட்டர் பருக்கிறது. வெண்கலத் துளை 0.02-கூட விரிவதில்லை. குளிர்ந்த நிலையில் விரலால் திரும்பிய வால்வு, நீராவி ஏறியதும் இறுகி நிற்கும்.

உருளை வால்வு, அதாவது இடையில் ஒடுங்கிய தண்டு ஒரு துளைக்குள் முன்னும் பின்னும் சறுக்கும் வடிவம், நீராவி அழுத்தத்தால் ஒரு பக்கம் தள்ளப்படுவதில்லை. அதனால் சிறு விசையால் நகர்கிறது. ஆனால் கசிவைத் தடுக்க அதற்கு இயற்கையான உதவி எதுவும் இல்லை. துளைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் எல்லாம். மெல்லிய இடைவெளியில் கசிவு ஏறத்தாழ இடைவெளியின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. 0.01 மில்லிமீட்டருக்கும் 0.02-க்கும் உள்ள வித்தியாசம், வேலை செய்யும் வால்வுக்கும் செய்யாத வால்வுக்கும் உள்ள வித்தியாசம். பக்கத் துளைகளைப் போட்ட பிறகு உள்ளே பிசிறு எழுந்து நிற்கும். ரீமரை மறுபடி ஓட்டாமல் தண்டை நுழைத்தால் முதல் நகர்விலேயே நெடுகக் கீறல் விழும். ரப்பர் வளையம் போடலாம். சாதாரண நைட்ரைல் இந்தச் சூட்டில் நாளடைவில் கெட்டியாகிவிடும், விட்டான் தாங்கும். வளையம் கடக்கும் இடத்தில் ஒரே பெரிய துளை இருந்தால் அதன் விளிம்பு வளையத்தைச் சீவும். அதே பரப்புக்குச் சின்னத் துளைகளாகச் சுற்றிலும் போட வேண்டும்.

எந்த வடிவமானாலும் மறக்கக் கூடாதவை சில உண்டு. 3 பாரில் இருந்த நீராவி வெளியேறும்போது மூன்றரை மடங்குக்கு மேல் விரிகிறது. இந்த முறையில் எஞ்சினுக்குப் போகும் இரு வழிகளும் மாறிமாறி வெளிவழி ஆகின்றன. இரண்டையும் வெளிவழிக்கு உரிய அகலத்தில் வைக்காவிட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும். எண்ணெய்ப் பாத்திரம் கொதிகலனுக்கும் திசைமாற்று வால்வுக்கும் இடையே இருக்க வேண்டும். வால்வுக்கு அப்பால் ஒரு குழாயில் வைத்தால், ஒரு திசையில் மட்டுமே எண்ணெய் போகும். வால்வும் வறண்டு போகும். சிலிண்டரின் பிஸ்டன் வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு, ஒரு திசையில் வெளியேறும் நீராவியை மட்டும் தாங்குகிறது. மறு திசையில் முழு அழுத்தத்தையும் தாங்குகிறது. முன்னோட்டத்தில் நன்றாகவும் பின்னோட்டத்தில் சோர்ந்தும் ஓடும் எஞ்சினில் முதலில் சோதிக்க வேண்டிய இடம் அதுதான்.

இன்னும் நிற்கும் ஆட்சேபங்கள்

இரண்டு ஆட்சேபங்கள் இதற்குப் பிறகும் வலுவுடன் நிற்கின்றன. முதலாவது, வெளிவழி தாமதமாகத் திறப்பது. கூடுதல் விளிம்பு இல்லாத வால்வில் பிஸ்டன் முனைக்கு வந்த கணத்தில்தான் வெளிவழி திறக்கத் தொடங்குகிறது. உள்ளே இருந்த முழு அழுத்தமும் திரும்பும் பிஸ்டனை எதிர்க்கும். கசிவுக்குப் பயந்து வால்வின் விளிம்பை 0.1 மில்லிமீட்டர் நீட்டினால் நிலைமை இன்னும் மோசம். 3 மில்லிமீட்டர் ஓடும் வால்வில் அது எல்லாத் திறப்பையும் ஏறத்தாழ 4 டிகிரி தாமதப்படுத்தும். மெதுவாக ஓடும் எஞ்சினில் இது தெரியாது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றைத் தாண்டும் படகு எஞ்சினில் தெரியும். ஆடும் சிலிண்டர் எஞ்சின்கள் இதே குறையோடு அதைவிட வேகமாக ஓடுகின்றனவே என்று பதில் சொல்லலாம். ஓடுகின்றன என்பது உண்மை, சிக்கனமாக ஓடுகின்றன என்று யாரும் சொல்லவில்லை. விரிவு பற்றிய பழைய குற்றச்சாட்டைவிட இது கனமானது. ஆனால் குறைவாகவே பேசப்படுகிறது.

இரண்டாவது, தோற்றம். சக்கரத்துக்கு வெளியே வால்ஷார்ட் தண்டுகள் ஆடுவதுதான் பலருக்கு நீராவி எஞ்சின் என்றாலே மனதில் வருவது. உள்ளே திசைமாற்று வால்வை வைத்து, வெளியே வேலை செய்யாத தண்டுகளைத் தொங்கவிடுவது சிலருக்குச் சமரசம், சிலருக்குப் பொய். பொறியியல் இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாதிரி என்பது உருவத்தின் மாதிரியா, செயலின் மாதிரியா என்பது செய்கிறவர் முடிவு செய்ய வேண்டியது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

சுமார் 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சிலிண்டருக்கு லிங்க் அமைப்பே பொருத்தம் என்பதில் ஐயமில்லை. தண்டவாளத்தில் கையெட்டும் தூரத்தில் ஓடும் சின்ன எஞ்சினுக்கு, குறைந்த உழைப்பில் நிறைந்த பலன் தருவது நழுவும் எக்சென்ட்ரிக். 12 மில்லிமீட்டருக்குக் கீழே, அதுவும் தொலைவிலிருந்து இயக்கும் படகு, கிரேன், வின்ச் போன்றவற்றுக்கு, நன்றாகத் தேய்த்துப் பொருத்திய வட்டத்தட்டுத் திசைமாற்று வால்வும் பிஸ்டன் வால்வுச் சிலிண்டரும் கொண்ட அமைப்பே மூன்றிலும் சிறந்தது என்று சொல்லலாம். ஆடும் சிலிண்டருக்கு வேறு வழியைத் தேடுவதே வீண் வேலை.

12-க்கும் 20-க்கும் இடைப்பட்ட பகுதிதான் தீராதது. மாதிரி எஞ்சின்களின் சிக்கனத்தை அளக்கும் சர்வதேசப் போட்டி 1969 முதல் பிரிட்டனில் நடந்து வருகிறது. அதில் கரியை நிறுத்துக் கொடுத்து, இழுவிசையை அளந்து, வேலையைக் கணக்கிடுகிறார்கள். வெல்லும் எஞ்சின்களே எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றுகின்றன. ஆனால் அவை ஆட்களை இழுக்கும் பெரிய மாதிரிகள். லிங்க் அமைப்பு கொண்டவை. இடைப்பட்ட அளவில், ஒரே கொதிகலன், ஒரே சிலிண்டர், ஒரே சுமை வைத்து, மூன்று முறைகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரு மணி நேரத்துக்குக் குடித்த தண்ணீரை அளந்தால் வாதம் முடியும். ஒரே எஞ்சினில் மூன்றையும் பொருத்துவது கடினமும் அல்ல. 16 மில்லிமீட்டர் இரட்டைச் சிலிண்டர் ஒன்று, பிரேக் போட்ட பறக்கும் சக்கரம், சமையலறைத் தராசு, கடிகாரம் ஆகியவை போதும். பட்டறை வைத்திருப்பவர்கள் அடுத்த எஞ்சினைத் தொடங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்து, எண்களை வெளியிட வேண்டும்.